எங்கள் கேட்டில் வேப்பிலை

மகனே,

கடிதம் எழுதினால் தாளின் தலையில் ஒரு ஸ்தோத்திர வரி போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன் என்பது உனக்குத் தெரியும். இன்று அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பாதி சொல்லும்போதே, "அம்மா, சனிக்கிழமைக்குள்ள அந்தப் பொண்ண காலி பண்ணச் சொல்லிடு, அவ்ளோதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். தாள் பேசும்போது நீ நடுவில் வைத்துவிட முடியாது. நீ நாளைக்கு ஓசூரில் வந்து இறங்குவதற்குள் இதை முழுக்கப் படித்துவிட வேண்டும். படித்துவிட்டு, உனக்குப் பார்த்திருக்கிற கிருபாவிடமும் காட்டு, அவள் அப்பாவிடமும் காட்டு. இதில் மறைக்க எதுவும் இல்லை. மறைத்தது போதும்.

மாடியில் குடியிருக்கிற மாதேஸ்வரிக்கு அம்மை போட்டிருக்கிறது என்பது வரைதான் உன்னிடம் சொன்னேன். அவளை நீ பார்த்ததில்லை. அஞ்செட்டிக்கும் உள்ளே ஒரு மலை ஊர்ப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் போன் பாகங்கள் பொருத்துகிற வேலை. அவளும் அவளோடு வேலை செய்யும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து மாடி போர்ஷனை எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த இன்னொருத்தி பையும் கையுமாக இறங்கி வந்து, "மாதேசுக்கு அம்மை போட்டுருச்சுங்கம்மா, நான் எங்க அக்கா ஊட்டுக்குப் போறேன்" என்று நின்றுகூடப் பேசாமல் போய்விட்டாள். திங்கட்கிழமை கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. செவ்வாய்க்கிழமையும் அடித்துவிட்டுப் போனது. மாடியில் ஒரு சத்தமும் இல்லை. இந்த இரண்டு நாளும் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கீழே நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்காக ஜெபம் செய்தாள். அது பொய் இல்லை, கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தேன். ஆனால் பதினாறு படி ஏறவில்லை.

நீ பேசிய பிறகுதான் ஏற முடிவு செய்தேன். அதுவும் அவளைப் பார்க்க இல்லை, போகச் சொல்ல. உன்மேல் மட்டும் பழி போடுவதாக நினைக்காதே. சனிக்கிழமை காலையில் கிருபா வீட்டார் முப்பது பேர் முதல்முறையாக நம் வீட்டுக்கு ஜெபத்துக்கு வருகிறார்கள். மறுநாள் ஆலயத்தில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்கிறார்கள். கிருபாவின் அக்கா வேறு மாசமாக இருக்கிறாள். உன் பயம் நியாயமான பயம். புதன்கிழமை காலையில் படி ஏறும்போது என் வாயிலும் அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது: "கண்ணு, நீ ஊருக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வா, நான் ஜெபத்துல வச்சுக்கிறேன்." எவ்வளவு நாசூக்கான வாக்கியம் பார். கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற கை தெரியவே தெரியாது.

அந்த வாக்கியத்தை நான் ஏன் சொல்லவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருடத்துக்குப் போக வேண்டும். உனக்கு மறந்திருக்காது. மறந்ததுபோல நாம் இரண்டு பேரும் இவ்வளவு வருடம் நடந்துகொண்டோம், அவ்வளவுதான். அப்போது மாடியில் பாண்டியும் செல்வியும் இருந்தார்கள். சிவகங்கைப் பக்கத்து ஜனம். இருவருக்கும் கம்பெனி வேலை. லீவு நாளில் செல்வி தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். உன் பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு அவள் எத்தனை தடவை ஓரம் அடித்திருக்கிறாள். அவளுக்கு அம்மை போட்டது. பாண்டி ஒரு கொத்து வேப்பந்தழையை ஒடித்துக்கொண்டு வந்து நம் கேட்டில் கட்டிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் ஆலயத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு மத்தியானம் நம் வீட்டில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். கேட்டில் தழையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இது ஜெப வீடுங்க. இங்க மாரியாத்தாவுக்கு எல்லாம் இடம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் கண் முன்னாலேயே பிய்த்து காம்பவுண்டுக்கு வெளியே எறிந்தேன். நீ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

பாண்டி கோபப்படவில்லை. குனிந்து அந்தத் தழையை எடுத்தார். "யம்மா, இது எங்களுக்குன்னு கட்டலம்மா. வாரவுகளுக்குத்தேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள மனசும் இல்லை. "நான் ஜெபிக்கிறேன், நீங்க போங்க" என்றேன். அவர் தழையைக் கையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனார். அன்று கூட்டத்தில் நான் இந்தச் செய்தியை ஒரு வெற்றிச் சாட்சியாகச் சொன்னேன். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். விசுவாசத்தில் உறுதியான பெண் என்று என்னை ஒருத்தி பாராட்டினாள், நானும் காபி கொடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள் பக்கத்துத் தெரு ரத்னம்மா நம் கேட்டைத் திறந்துகொண்டு மாடிக்குப் போனாள். அவள் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். முதல் பிரசவம், ஒன்பதாம் மாசம், வளைகாப்புக்கு ஜாக்கெட் தைக்கச் செல்வியிடம் துணி கொடுக்க வந்தாள். கேட்டில் தழை இருந்திருந்தால் அவள் தெருவிலிருந்தே திரும்பியிருப்பாள். இந்த ஊரில் தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எந்தப் பாஷைக்காரருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே கதவு ஒருக்களித்திருந்தது. காய்ச்சலில் கிடந்த செல்வி கண் விழித்து "உள்ள வராதீக" என்று கத்துவதற்குள் ரத்னம்மா கட்டில் ஓரம் வரை போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து அவளுக்கும் போட்டது. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு பிரசவ வலி வந்து, அவளைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைக்கும் வந்துவிட்டது. பிறந்த குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் ரத்னம்மாவின் புருஷன் நம் கேட்டுக்கு வந்து நின்றான். தெருவே கூடியது. "அம்மை போட்ட வீடுன்னு ஒரு தழை கூட கட்டத் தெரியாதா உங்களுக்கு? நீங்க மனுசங்களா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான். பாண்டி இறங்கி வந்தார். பின்னாலேயே செல்வி, முகத்தில் இன்னும் தழும்பு மறையாமல். ஆளாளுக்குப் பேசினார்கள். நான் வாசலில் நின்றேன். பாண்டி ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா" என்கிற பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் தழையைப் பற்றிச் சொல்லவில்லை. "தப்புத்தேன், மன்னிச்சிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் செய்ததற்கு அவர் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் நீ என்னிடம் வந்து, "ஏம்மா நீங்க சொல்லல?" என்று கேட்டாய். "போய்ப் படி" என்றேன். உன் அப்பா வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வா, போய்ச் சொல்லிட்டு வந்துடுவோம், நானும் கூட வர்றேன்" என்றார். "நாளைக்கு" என்றேன். மறுநாள் காலையில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாம் ஏறியது. செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். எங்கே போகிறீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. "ஜெபத்துல வச்சுக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். குழந்தை பிழைத்தது, ஆண்டவர் பெரியவர். ஆனால் பாண்டியும் செல்வியும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. உன் அப்பாவும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். படி ஏறினேன், கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து, "யாருன்னாலும் வராதீங்க, எனக்கு அம்மை" என்று குரல் வந்தது. "நான்தான், கீழ் வீட்டம்மா. எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு, திற" என்றேன். திறந்தாள். இமை மேல்கூட கொப்புளம். ஒரு பிரட் பாக்கெட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டியிருக்கிறாள். நான் என் வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அம்மா, நான் தழை கட்டலீங்கம்மா. சத்தியமா கட்டல. இந்த ஊட்ல தழை கட்டக் கூடாது, கட்டுனா அந்தம்மா காலி பண்ண வச்சுருவாங்கன்னு முன்ன இருந்த அக்கா சொல்லிட்டுப் போச்சு. அதான் யாருக்கும் தெரியாம கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கிறேன். ஊருக்குப் போலாம்னா பஸ்ல ஏத்த மாட்டாங்க. எங்க அக்காவும் மாசமா இருக்குதுங்க."

அந்தத் தழையை நான் பிய்த்த கதை இந்த வீட்டோடும் ஆலயத்தோடும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பதினான்கு வருடமாக இந்த மாடியில் இருந்து போன ஒவ்வொருவரும் அடுத்து வருகிறவரிடம் சாவியோடு சேர்த்து இதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மோட்டார் எந்த நேரம் போட வேண்டும், குப்பையை எங்கே வைக்க வேண்டும், அம்மை போட்டால் அந்தம்மாவுக்குத் தெரியக் கூடாது. ஜெப வீடு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வீட்டுக்கு மாடியில் இருந்தவர்கள் வைத்த பெயர் இதுதான். அவளைப் போகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். டாக்டரிடம் போனில் கேட்டு மாத்திரை வாங்கினேன், அரிப்புக்கு லோஷன் வாங்கினேன். அவள் விரித்திருந்த போர்வையை எடுக்கும்போது எனக்குக் குமட்டியது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். இரக்கம் என்றால் மனசு பொங்கி வருகிற ஒன்று என்று ஆலயத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். குமட்டலை அடக்கிக்கொண்டு போர்வையைத் துவைத்தபோது மனசு ஒன்றும் பொங்கவில்லை. முதுகுதான் வலித்தது.

தழை கட்டுவதற்கு எனக்கு அப்போதும் துணிவு வரவில்லை என்பதையும் கேள். சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில், "அம்மை. மாடிக்கு வரவேண்டாம்" என்று எழுதிக் கேட்டில் தொங்கவிட்டேன். விசுவாசத்துக்கும் பங்கமில்லை, ஜனங்களுக்கும் தெரிந்துவிடும் என்று எனக்கு ஏகத் திருப்தி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர், ஒடிசாக்காரர், தோளில் கேனோடு அட்டையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து மாடிப்படியில் மூன்று படி ஏறிவிட்டார். நான் அடுப்படியிலிருந்து போட்ட சத்தத்தில் மனுஷன் கேனையே கீழே விட்டார். படியெல்லாம் தண்ணீர். அவர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்க்கிறார். பாவம், அவருக்கு என் கொட்டை எழுத்தும் ஒன்றுதான், கோழி கிளறியதும் ஒன்றுதான். அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பாண்டி சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துணி எடுக்கும் கோலை எடுத்துக்கொண்டு தெருமுனை வேப்பமரத்துக்குப் போனேன். இந்த வயதில் கோலால் இழுத்து ஒரு கொத்து ஒடித்து வந்து, நானே, என் கையாலேயே, நம் கேட்டின் மேல் வளைவில் கட்டினேன். எந்தத் தெய்வத்தையும் கும்பிட்டு அல்ல. வருகிறவர்களுக்காகக் கட்டினேன். இன்று காலையில் அதே கேன்காரர் கேட்டுக்கு வெளியே கேனை வைத்துவிட்டு, தழையைக் காட்டித் தலையாட்டிவிட்டுப் போனார்.

நேற்று சாயங்காலம் ரத்னம்மா வீட்டுக்கும் போனேன். அவளை உள்ளே வர விடாமல் தடுத்திருக்க வேண்டிய தழையைப் பிய்த்தது நான்தான் என்று சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். ஆனால் அவள், "அக்கா, நானு அவங்கள என்னென்ன மாதிரி சாபம் விட்டேன் தெரியுமா? அந்தச் செல்விக்குக் கொழந்தையே பொறக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் மகன், அந்தக் கண்ணாடிப் பெட்டிக் குழந்தை, ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்து என்னை ஏறிட்டுப் பார்த்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் என்னை மன்னிக்கவில்லை. அதைக் கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கிருபாவின் அப்பாவுக்குப் போன் செய்தேன். உன்னிடம் கேட்காமல் செய்ததற்கு நீ கோபப்படலாம். மாடியில் அம்மை என்று சொன்னேன். உங்கள் மூத்த மகளும் கைக்குழந்தைக்காரர்களும் வர வேண்டாம், இதுவரை அம்மை வராதவர்களும் வர வேண்டாம், வேண்டுமானால் ஜெபத்தை ஆலயக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். நல்லவிதமாகத்தான் கேட்டுக்கொண்டார். கேட்டில் தழை கட்டியிருப்பதைச் சொன்னதும் குரல் மாறியது. "சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் சபை மூப்பர். என் சம்பந்தி வீட்டு வாசல்ல வேப்பிலைன்னா நாளைக்கு நான் எப்படி ஜனங்க முன்னாடி நிப்பேன்? அதை மட்டும் எடுத்துடுங்க" என்றார். "எடுத்தா யாராவது தெரியாம ஏறிடுவாங்கண்ணா. ஒரு தடவை எடுத்துட்டேன், அதுக்கே இன்னும் பதில் சொல்லி முடியல" என்றேன். அதற்கு அவர், "ஜெபிச்சிட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அந்த வாக்கியத்தின் உள்ளும் புறமும் தெரிந்தவள் நான். இன்று வியாழக்கிழமை மத்தியானம் வரை போன் வரவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். உன் கல்யாணம் இதனால் நின்றுபோனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன் காலில் விழுந்தாலும் தீராது. இருந்தும் அந்தத் தழையை எடுக்க மாட்டேன், அந்தப் பெண்ணையும் பொருக்கு உதிரும் வரை அனுப்ப மாட்டேன்.

காலி பண்ணச் சொல் என்று நீ சொன்னபோது உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்ட பிள்ளை நீ. அந்தப் பிள்ளையைப் போய்ப் படி என்று அனுப்பியவள் நான். நீ நன்றாகப் படித்தாய், நான் கற்றுக்கொடுத்ததையும் சேர்த்துப் படித்துவிட்டாய். நாளைக்குக் கிருபாவோடு ஒரு வீட்டில் இருக்கப்போகிறாய். உங்கள் வீட்டிலும் ஒரு மாடி இருக்கும், ஒரு வேலைக்காரம்மா இருப்பார், பக்கத்து வீடு இருக்கும். கஷ்டம் என்று யாராவது வந்து நின்றால், ஜெபிக்கிறேன் என்று சொல். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதே. அந்தச் சொல்லைச் சொன்ன வாய் மூடுவதற்குள் கால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் அந்தச் சொல்லைச் சொல்லாதே, ஆண்டவரை உன் சோம்பலுக்குச் சாட்சிக்குக் கூப்பிடாதே. என்னிடம் கொடுக்க இருக்கிற புத்தி இது ஒன்றுதான். இதற்கும் பதினான்கு வருடம் ஆயிற்று.

நாளை நீ வந்து கேட்டைத் திறக்கும்போது தழை உன் நெற்றியில் இடிக்கும், நீ உன் அப்பா மாதிரி உயரம். கொஞ்சம் குனிந்து வா. உனக்கும் சின்ன வயதில் அம்மை வந்து போய்விட்டது, பயப்படாதே. மேலே போய் அந்தப் பெண்ணிடம், நீ எங்கேயும் போக வேண்டாம் என்று உன் வாயால் ஒரு தடவை சொல்லிவிடு. நான் சொல்லியும் அவள் இன்னும் நம்பவில்லை, பையைக் கட்டியே வைத்திருக்கிறாள். அவள் அந்தப் பையைப் பிரித்த பிறகு, இந்தத் தாளின் தலையில் விட்டிருக்கிற இடத்தை நிரப்பிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்று தெரியாது. வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று, ஜெப வீட்டில் இதை யார் கட்டியது என்று கட்டாயம் கேட்பார்கள். மாடியைக் கை காட்டிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். நம் இருவருக்கும் அது நன்றாகத் தெரியும். அப்போது நான் வாசலிலும் நீ கேட்டிலும் நிற்போம். என்னை முந்திக்கொண்டு நீயே சொல்லிவிடு தம்பி: "எங்கம்மாதான் கட்டினாங்க."

உன் அம்மா